ஓராண்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு 120 நாளில் பூட்டிவிட்டார்கள்: கிளவுட் டெஸ்க்டாப் எடுக்கப்போகும் கணக்கு அலுவலகங்களுக்கு

ரூ.59,472. இந்தத் தொகையை ஒரு வாரமாகத் தூக்கத்திலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஆறு பேருக்கு, ஆளுக்கு மாதம் ரூ.700, பன்னிரண்டு மாதம், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. மொத்தத்தையும் மார்ச் மாதமே முன்பணமாகக் கொடுத்தேன். கிடைத்தது நான்கு மாதச் சேவை. ஆத்திரம் அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்றால் அது அடங்குவதாக இல்லை.

ஈரோட்டில் சிறிய வரி ஆலோசனை அலுவலகம் நடத்துகிறேன். மஞ்சள் மண்டி, விசைத்தறி, ஜவுளிக்கடை என்று 31 பேரின் கணக்குகள் எங்களிடம் இருக்கின்றன. சென்ற டிசம்பரில் ஹார்டு டிஸ்க் ஒன்று செத்துப்போய், இரண்டு பேரின் ஓராண்டுக் கணக்கை மறுபடி தட்டச்சு செய்தோம். அந்தப் பயத்தில்தான் கணக்கு எழுதும் டேலி மென்பொருளைக் கிளவுடில், அதாவது இணையம் வழியே எட்டும் வெளியூர் சர்வரில், வைத்துத் தரும் ஒரு நிறுவனத்தைக் கூப்பிட்டேன். பெயரைச் சொல்லவில்லை. ஊருக்கு நாலு பேர் இதே வியாபாரம் செய்கிறார்கள், எல்லாருக்கும் ஒரே விளம்பரம்.

வந்தவர் பேச்சில் என்னை விழவைக்கவில்லை, செய்து காட்டி விழவைத்தார். எங்கள் உதவியாளர் ஒரு வவுச்சரைப் பாதி அடித்துக்கொண்டிருந்தபோது, அனுமதி கூடக் கேட்காமல் கணினியின் பிளக்கைப் பிடுங்கினார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் சிரித்துக்கொண்டே தன் மடிக்கணினியைத் திறந்து உள்ளே நுழைந்தார். அதே வவுச்சர், அதே பாதியில், கர்சர் துடித்தபடி நின்றது. "உங்கள் மேசையில் இருப்பது வெறும் திரைதான் சார். வேலை நடப்பது மும்பை டேட்டா சென்டரில். கரண்ட் போனாலும் இடி விழுந்தாலும் உங்கள் கணக்கு பத்திரம்" என்றார். அவர் சொன்ன தொழில்நுட்பம் உண்மைதான், அதில் பொய்யில்லை. அதனால்தான் மற்றதையும் நம்பினேன். காபி வரவழைத்துக் கொடுத்தேன். அன்று மாலையே ரூ.59,472 அனுப்பினேன். மாதா மாதம் கட்டினால் ஆளுக்கு ரூ.900 என்றதால், மிச்சம் பிடிப்பதாக நினைப்பு வேறு.

மார்ச் 18-ஆம் தேதி தொடங்கினோம். நன்றாகவே ஓடியது. பிரசவத்துக்குப் பிறகு பவானியிலிருந்து வர முடியாத பெண் வீட்டிலிருந்தே வேலை பார்த்தாள். இரண்டு வாடிக்கையாளர்களிடம் நானே இதைப் பெருமையாகச் சொன்னேன். நல்லவேளை, அவர்கள் வாங்கவில்லை.

ஜூலை 16 காலை ஒருவராலும் உள்ளே போக முடியவில்லை. உரிமம் வழங்க லைசென்ஸ் சர்வர் எதுவும் இல்லை, ஆகவே இணைப்பு துண்டிக்கப்பட்டது என்று திரையில் ஆங்கிலத்தில் ஓர் அறிவிப்பு. 20-ஆம் தேதி 3பி எனப்படும் மாத ஜிஎஸ்டி ரிட்டர்னுக்குக் கடைசி நாள். உதவி எண்ணை அழைத்தேன். மோடத்தை அணைத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். அடுத்து, டேட்டா சென்டரில் பராமரிப்பு நடக்கிறது, இரண்டு மணி நேரம் பொறுங்கள் என்றார்கள். மாலையில், புகார் எண் கொடுத்திருக்கிறோம், எங்கள் மேல்நிலைக் குழு பார்க்கிறது என்றார்கள். மறுநாள் காலை அந்தப் புகார் "தீர்க்கப்பட்டது" என்று மின்னஞ்சல் வந்தது. யாருக்குத் தீர்ந்தது? பிளக்கைப் பிடுங்கியவர் பதினொரு முறை அழைத்தும் எடுக்கவில்லை. இனி அவனுக்கு 'அவர்' தேவையில்லை.

பெங்களூரில் கணினித் துறையில் இருக்கும் ஒரு வாடிக்கையாளரின் மகனுக்கு அந்த அறிவிப்பைப் படமெடுத்து அனுப்பினேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அண்ணா, என்றைக்குத் தொடங்கினீர்கள்?" நாட்காட்டியில் எண்ணிப் பார்த்தால் சரியாக 120 நாள். விண்டோஸ் சர்வரில் பல பேர் ஒரே நேரத்தில் ரிமோட் டெஸ்க்டாப்பில் (தூரத்திலிருந்தே நுழைந்து) வேலை செய்ய ஆளுக்கோ கருவிக்கோ தனி உரிமம் வாங்க வேண்டுமாம். வாங்கி நிறுவுவதற்கு 120 நாள் அவகாசம் உண்டு. இந்த ஆள் உரிமமே வாங்காமல் அந்த அவகாசத்தை எனக்கு விற்றிருக்கிறான். அவகாசம் முடிந்த பிறகும் நிர்வாகி கணக்கில் இரண்டு பேர் நுழையலாம், ஆனால் அந்தக் கடவுச்சொல் அவனிடம். அந்தப் பையன் இன்னொன்றையும் பார்த்துச் சொன்னான்: சர்வரின் ஐபி முகவரி மும்பையைக் காட்டவில்லை, ஜெர்மனியைக் காட்டியது. எங்களிடம் இரண்டு பிரைவேட் லிமிடெட் கணக்குகள் உண்டு. கம்பெனிகளின் கணக்குப் பதிவுகளுக்கு நாள்தோறும் இந்தியாவிலுள்ள சர்வரில் நகல் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இதையெல்லாம் அவனுக்கு எழுதி அனுப்பியதும் உடனே பதில் வந்தது. உரிமக் கட்டணம் "பேக்கேஜில் சேராது" என்றும், ஆளுக்கு ரூ.4,500 வீதம் ரூ.27,000 கட்டினால் அன்றே திறந்துவிடுவதாகவும் எழுதியிருந்தான். கட்டவில்லை. கத்தினேன். 18-ஆம் தேதி இரவு ஒரு நிர்வாகி கணக்கை இரண்டு மணி நேரத்துக்குத் திறந்துவிட்டான். ஃபோல்டர் ஃபோல்டராக இழுத்ததில் 23 பேரின் கணக்கு வந்து சேர்ந்தது. நேரம் முடிந்ததும் பாதியிலேயே துண்டித்துவிட்டான். எட்டு பேரின் கணக்கு அங்கேயே கிடக்கிறது. அதில் ஐந்து பேருக்கு ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனை பில் பட்டியல்), 2பி (வரி வரவு எடுக்கக்கூடிய கொள்முதல் பில் பட்டியல்) விவரங்களை ஜிஎஸ்டி தளத்திலிருந்து எடுத்து, காகித பில்லோடு ஒப்பிட்டு, 22-ஆம் தேதிதான் 3பி போட முடிந்தது. தாமதக் கட்டணம் நாளொன்றுக்கு ரூ.50, வரிக்கு 18 விழுக்காடு வட்டி. அதை என் கையிலிருந்து கட்டுவதாகச் சொல்லிவிட்டேன். தொகை சிறிதுதான். ஆனால் இருபது வருடத்தில் முதல் முறையாக வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிந்து நின்றேன்.

இனி வருவதுதான் சொல்லவே கூசுகிறது. அவன் பில்லில் ரூ.9,072 ஜிஎஸ்டி போட்டிருந்தான். ஏப்ரல் 14-இல் வந்த என் 2பி-யில் அந்த பில் இல்லை. கேட்டேன். "நாங்கள் காலாண்டு ரிட்டர்ன் சார், அடுத்த காலாண்டில் வந்துவிடும்" என்றான். மார்ச் பில் காலாண்டு ரிட்டர்ன் போடுபவருக்கும் ஏப்ரல் 13-க்குள் ஏறிவிட வேண்டும். இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவன் நான். வேலை நெருக்கடியில் விட்டுவிட்டேன். நேற்று அவன் பதிவு எண்ணைத் தளத்தில் போட்டுப் பார்த்தால், பதிவு பிப்ரவரியிலேயே ரத்தாகியிருக்கிறது. வாங்கும் முன் அரை நிமிடம் ஒதுக்கியிருந்தால் தெரிந்திருக்கும். ஊரார் பில்லையெல்லாம் துருவிப் பார்க்கிறவன் தன் பில்லை மடித்து ஃபைலில் வைத்தான்.

இணையவழி மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதிந்தாயிற்று. பணம் போய் நான்கு மாதமானதால் வங்கியில் நிறுத்திவைக்க வழியில்லை என்றார்கள். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்று அனுப்பிவிட்டார்கள். ரூ.59,472-க்கு வக்கீல் வைத்தால் வக்கீலுக்கே சரியாகப் போகும்.

என்ன கேட்க வேண்டும், எப்படித் தேர்வு செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். நேரமில்லை. ஓராண்டுப் பணத்தை மொத்தமாகக் கொடுக்காதீர்கள். ரிமோட் டெஸ்க்டாப் உரிமம் வாங்கியதற்கான ரசீதைக் கண்ணால் பாருங்கள். நிர்வாகி கடவுச்சொல் உங்களிடமும் இருக்கட்டும். தினமும் சாயங்காலம் நகலெடுத்து உங்கள் அலுவலகத்து டிஸ்க்கிலேயே வையுங்கள். நாங்கள் அதைக் கூடச் செய்யவில்லை, கிளவுடில்தான் இருக்கிறதே என்று. ஜிஎஸ்டி எண்ணைத் தட்டிப் பாருங்கள்.

பவானிப் பெண் எட்டில் மூன்றாவது கணக்கை மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறாள். 31-ஆம் தேதிக்குள் டிடிஎஸ் (மூலத்தில் பிடித்த வரி) ரிட்டர்ன் வேறு இருக்கிறது. விட்டதை ஆகஸ்டில் எழுதுகிறேன்.