சுரங்கமா, நீராவிக் கிணறா: ஆல்பர்ட்டா தார் மணலில் எது குறைந்த கேடு?

கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில் தார் மணலிலிருந்து பிட்டுமெனை, அதாவது மணலோடு ஒட்டியிருக்கும் கெட்டியான, தார் போன்ற கச்சா எண்ணெயைப் பெரிய அளவில் எடுக்க இரண்டு வழிகளே முதன்மையாக உள்ளன. காட்டை அகற்றி, மணலைத் தோண்டியெடுத்துச் சுடுநீரில் கழுவிப் பிரிப்பது திறந்தவெளிச் சுரங்கம். பூமிக்கடியில், ஒன்றின்மேல் ஒன்றாகச் சுமார் 5 மீட்டர் இடைவெளியில் இரண்டு கிடைமட்டக் கிணறுகளைத் துளையிட்டு, மேல் கிணற்றில் நீராவியைச் செலுத்தி, இளகி வடியும் பிட்டுமெனைக் கீழ்க் கிணற்றின் வழியே எடுப்பது, துறையில் 'சாக்-டி' என்று வழங்கும் முறை. பொறியாளராக இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தபோது நான் நீராவிக் கிணறுகளின் பக்கம் சென்றேன். இன்றும் அதே கருத்தில்தான் இருக்கிறேன்.

எடுக்கத்தக்க இருப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே தோண்டக்கூடிய ஆழத்தில் உள்ளது. அந்த இடங்களில் சுரங்கம் மணலிலுள்ள பிட்டுமெனில் 90 சதவீதம் வரை மீட்டுவிடும். நீராவி முறையில் பாதியளவு கிடைத்தாலே நல்ல விளைச்சல். முதலீட்டில் நிலைமை தலைகீழ். 2018-இல் உற்பத்தியைத் தொடங்கிய ஃபோர்ட் ஹில்ஸ் சுரங்கத்துக்குச் சுமார் 1,700 கோடி கனேடிய டாலர் செலவானது. 2,000 கோடி டாலருக்கு மேல் மதிப்பிடப்பட்ட ஃப்ரான்டியர் சுரங்கத் திட்டம் 2020 பிப்ரவரியில் திரும்பப் பெறப்பட்டது. நீராவித் திட்டத்தைச் சிறு கட்டங்களாக வளர்க்கலாம், எண்ணெய் விலை சரிந்தால் அடுத்த கட்டத்தைத் தள்ளிப்போடலாம்.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது, வேலை முடிந்தபின் நிலத்தில் என்ன மிஞ்சும், அதைச் சரிசெய்யும் செலவை யார் ஏற்பார் என்ற ஒரே கேள்விதான். சுரங்கத்தில் ஒரு பீப்பாய் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டு டன் மணலைக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் தங்கும் நுண்களிமண் சில ஆண்டுகளில் கூழ்ப் பதத்துக்கு இறுகி, அதன்பின் பல பத்தாண்டுகள் அதே நிலையில் நிற்கும். இவ்வாறு கழிவுக் குளங்களில் சேர்ந்திருப்பது ஒரு லட்சம் கோடி லிட்டருக்கும் அதிகம். 2008-இல் சின்க்ரூட் நிறுவனத்தின் குளம் ஒன்றில் இறங்கிய சுமார் 1,600 வாத்துகள் மடிந்தன. கெர்ல் சுரங்கத்தின் கழிவுக் கசிவு 2022-இலேயே தென்பட்டிருந்தும், அத்தபாஸ்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் வாழும் பூர்வகுடிச் சமூகங்களுக்கு அதன் முழு விவரம் 2023-இல்தான் தெரியவந்தது. அந்த ஆற்றை நம்பி வாழ்பவர்களை மாதக்கணக்கில் இருட்டில் வைத்ததை என்னால் எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை.

பணத்தின் கணக்கு இதைவிடக் கவலை தருவது. நிலத்தைச் சீரமைக்காமல் நிறுவனம் விலகினால் ஈடாக இருக்கும்படி அரசிடம் முன்கூட்டியே கட்டுவது பிணைத்தொகை. 2011-இல் வந்த பிணைத்தொகைத் திட்டத்தின்படி, மண்ணுக்கடியில் இன்னும் எடுக்கப்படாத பிட்டுமெனும் நிறுவனத்தின் சொத்தாகக் கணக்கிடப்படுகிறது. சொத்து மதிப்பு சீரமைப்புப் பொறுப்பைப்போல் (நிலத்தைச் சரிசெய்ய ஆகும் செலவைப்போல்) மூன்று மடங்காக இருந்து, எடுக்க மிஞ்சிய இருப்பும் 15 ஆண்டுகளுக்குக் குறையாதவரை, கூடுதல் பிணை கட்டத் தேவையில்லை. இதனால் 2014 இறுதியில் 2,080 கோடி டாலர் சீரமைப்புப் பொறுப்புக்கு எதிராக அரசின் கையில் 157 கோடி டாலர் பிணையே இருந்ததாக மாகாணத் தலைமைத் தணிக்கையாளர் 2015-இல் சுட்டிக்காட்டினார். எண்ணெய் விலை வீழ்ந்தால் சொத்தின் மதிப்பும் நிறுவனத்தின் கட்டும் திறனும் ஒருசேரக் குறையும். அப்போது மிஞ்சும் சுமை மாகாண மக்களின் தலையில் விழும்.

நீராவி முறையில் கழிவுக் குளமே தோன்றுவதில்லை. மேலே வரும் நீரில் பெரும்பகுதி சுத்திகரிக்கப்பட்டு மீண்டும் நீராவியாகிறது. புதிய நீரின் தேவை சுரங்கத்தைவிட மிகக் குறைவு. கிணற்றை மூடுவதும் நெடுங்காலப் பழக்கமுள்ள வேலை. எனினும் கிணற்றுத் தளங்களும் சாலைகளும் எண்ணெய் தேடும் நிலஅதிர்வு ஆய்வுக்காக வெட்டிய நேர்கோட்டுப் பாதைகளும் காட்டைத் துண்டாடுகின்றன. அப்பாதைகளில் ஓநாய்கள் எளிதாக நடமாடுவதால் கரிபூ மான்கள் குறைகின்றன. 2006 மே மாதத்தில் ஜோஸ்லின் என்ற நீராவித் திட்டத்தில் நீராவி மேற்பாறையைப் பிளந்து தரைக்கு மேல் வெடித்ததையும் மறைக்கக் கூடாது.

கரிம உமிழ்வில் என் தரப்பு வலுவிழக்கிறது. ஒரு பீப்பாய் பிட்டுமெனுக்கு ஏறத்தாழ மூன்று பீப்பாய் நீரை நீராவியாக்க வேண்டியிருப்பதால் இயற்கை எரிவாயு பெருமளவில் எரிகிறது; தரமேற்று ஆலை (பிட்டுமெனை இலகுவான எண்ணெயாக மாற்றும் ஆலை) இல்லாத புதிய சுரங்கங்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் உமிழ்வு கூடுதலே. நீராவியோடு கரைப்பான் சேர்ப்பது அதைக் குறைக்கும் என்று சோதனைகள் காட்டுகின்றன. ஒரு வயலின் முழு ஆயுளுக்கும் அது நிலைக்குமா என்பதில் உறுதி சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் போதாது. சுரங்கங்கள் முதல் பீப்பாயிலிருந்தே முழுப் பிணையைக் கட்டி, கழிவை அன்றன்றே உலர்த்தி நிரப்பும் நிலை வந்தால், உமிழ்வே தீர்மானிக்கும் காரணியாகிவிடும். அப்போது இந்தத் தேர்வை நான் மறுபடி எடைபோடுவேன்.