பள்ளி மாற்றித் தருகிறோம் என்று 1,650 வெள்ளியை வாங்கி ஏமாற்றிவிட்டார்கள்: சுங்கை சிப்புட் பெற்றோர் கவனத்துக்கு

இதை எழுதும்போதும் கை நடுங்குகிறது. முந்தாநாள் இரவுதான் பணம் வாங்கிய பெண் என் எண்ணை பிளாக் செய்தாள். 1,650 வெள்ளி போய்விட்டது. என் மகளை வேறு இடைநிலைப்பள்ளிக்கு மாற்றித் தருகிறோம் என்று சொல்லி மூன்று தவணையாக வாங்கினார்கள். என்னென்ன பார்க்க வேண்டும், எப்படி விண்ணப்பிக்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன். நவம்பரில் நான் நின்ற இடத்தில் இன்று வேறொரு அம்மா நின்றுகொண்டிருக்கலாம்.

நாங்கள் மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டுக்காரர் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறார். நான் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. மகள் தமிழ்ப்பள்ளியில் படித்தவள், போன வருடம் படிவம் மூன்றை முடித்தாள். படிவம் நான்கில் அறிவியல் பிரிவு எடுக்க வேண்டும், படிவம் ஐந்தில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் தமிழும் தமிழ் இலக்கியமும் எழுத வேண்டும், இவ்வளவுதான் அவள் கேட்டது. அவள் பள்ளியில் தமிழ் ஆசிரியர் மாறிப் போனதிலிருந்து வகுப்பு ஒழுங்காக நடக்கவில்லை. 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்று 1996 கல்விச் சட்டத்திலேயே இருக்கிறது. நாங்களும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தோம். ஆசிரியர் கிடைக்கவில்லை என்றார்கள். டவுனில் இருக்கும் இன்னொரு பள்ளியில் அறிவியலும் இருக்கிறது, தமிழும் இருக்கிறது. இரண்டு பள்ளியும் ஒரே மாவட்டம்தான்.

மகளின் பள்ளியிலேயே போய்க் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நாத்தனார் வீட்டுக்காரர், "சும்மா பாரம் போட்டா கிடைக்காது, உள்ளே ஆள் வேணும்" என்றார். நம் ஆட்கள் வாயில் இது எத்தனை காலமாக ஓடுகிறது! ஐ.சி. (அடையாள அட்டை) எடுக்க ஆள், லைசென்சுக்கு ஆள், ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைக்க ஆள். அந்தப் பேச்சை வைத்துத்தான் இவர்கள் கடை போட்டிருக்கிறார்கள்.

டவுனில் ஒரு கடைவீட்டின் மாடியில் அந்தச் சேவை மையம். விசாரணை நடக்கிறது, அதனால் பெயர் போடவில்லை. ரோட் டேக்ஸ், பாஸ்போர்ட்டு, கடன் உதவி என்று வரிசையாக எழுதிய பதாகையின் கீழே ‘துக்கார் செகோலா’ (பள்ளி மாற்றம்) என்றும் போட்டிருந்தார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் முப்பது வயது இருக்கும் ஒரு தமிழ்ப் பெண்.

"வாங்கக்கா, எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். சொன்னேன். "என் அம்மாவும் ரப்பர் பால் வெட்டினவங்கதான். விடியக்காலையில அம்மா போனா நான்தான் தம்பிக்குச் சோறு போடுவேன்" என்றாள். என் மகளுக்கு ஒரு மைலோ பொட்டலத்தை உடைத்துக் கொடுத்தாள். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டாள். உயிரியல் ஆசிரியை ஆகணும் என்று மகள் சொன்னதும் என் பக்கம் திரும்பி, "நம்ம பிள்ளைங்க படிக்கணும்க்கா, இதுக்குத்தான் நான் இந்த வேலையே செய்யறேன்" என்றாள். கெட்டியான ஒரு கோப்பை எடுத்துப் பிரித்துக் காட்டினாள். பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகளின் பெயரோடு கடிதங்கள், தலையில் அரசாங்கச் சின்னம். மேசை ஓரத்தில் சின்னப் பிள்ளையார் படம், முன்னால் அன்று காலையில் வைத்த மல்லிகை. மகளின் பிறப்புப் பத்திர நகலையும் எங்கள் இருவர் ஐ.சி. நகலையும் வாங்கி, அந்தப் படத்துக்கு முன்னால் வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டாள். "சாமிகிட்ட வெச்சுட்டேன்க்கா. இனி கவலைப்படாதீங்க."

அந்த இடத்தில்தான் நான் விழுந்தேன். வேறு எதையும் விசாரிக்கத் தோன்றவில்லை. சாமி படத்தை வைத்து என்னை ஏமாற்றியதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

தீபாவளி போனசில் மிச்சம் வைத்திருந்த 500 வெள்ளியை அன்றே முன்பணமாகக் கொடுத்தேன். டிசம்பர் 5ஆம் தேதி ‘செயல்முறைக் கட்டணம்’ என்று 800 வெள்ளி கேட்டாள். ஒரு வளையலை அடகுக் கடையில் வைத்துப் போட்டேன். டிசம்பர் 22ஆம் தேதி ‘கணினிப் பதிவு’ என்று இன்னொரு 350. நாத்தனாரிடம் கைமாற்று வாங்கினேன். ஆக மொத்தம் 1,650 வெள்ளி. பின்னால் போட்ட இரண்டும் ஏதோ ஓர் ஆணின் சொந்த வங்கிக் கணக்குக்குப் போனது. ஏன் என்று கேட்டேன். "கம்பெனி கணக்குல போட்டா வரி பிடிப்பாங்கக்கா" என்றாள். ரசீது கேட்டதற்கு, புத்தகக் கடையில் விற்கும் ரசீதுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். அதில் கடைப் பெயரும் இல்லை, முத்திரையும் இல்லை.

ஜனவரி முதல் வாரத்தில் புலனத்தில் கடிதம் வந்தது. மகள் துள்ளிக் குதித்தாள். புதுப் பள்ளியின் சின்னத்தையும் டையையும் வாங்கி வந்தோம். ராத்திரி ஷிப்டு முடிந்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து, சட்டையில் அந்தச் சின்னத்தை நானே தைத்தேன். ஓரம் பிரியக்கூடாது என்று இரண்டு சுற்று தைத்தேன்.

ஜனவரி 12, திங்கட்கிழமை, பள்ளி திறந்த நாள். அலுவலகத்தில் கிராணி கடிதத்தை வாங்கிப் பார்த்தார். கணினியில் ஐ.சி. எண்ணைத் தட்டினார். மறுபடி தட்டினார். "புவான், இது எங்கே வாங்கியது?" என்று மெதுவாகக் கேட்டார். மாற்றலாகி வருகிறவர்கள் பட்டியலில் என் மகள் பெயரே இல்லை. அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து இன்னொரு தாளை எடுத்து என் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அதே கடித எண், அதே தேதி, பிள்ளையின் பெயர் மட்டும் வேறு. போன வாரம் வந்ததாம். நான் திரும்பிப் பார்த்தேன். பின்னால் நின்ற என் மகள் கையிலிருந்த கோப்பை மார்போடு அணைத்துச் சின்னத்தை மறைத்துக்கொண்டிருந்தாள். சுற்றிலும் அவள் வயதுப் பிள்ளைகள்.

அதற்கப்புறம் நடந்தது அலைக்கழிப்பு. முதலில், "சிஸ்டம் அப்டேட் ஆகலக்கா, ரெண்டு நாள் பொறுங்க." அப்புறம், "சார் மீட்டிங்ல இருக்காரு." அப்புறம், அவளுக்குக் காய்ச்சல். பணத்தைத் திருப்பிக் கொடு என்றேன். "தைப்பூசத்துக்குள்ள முழுசா 1,650 வெள்ளியும் போட்டுடறேன்க்கா, முருகன் மேல சத்தியம்" என்று குரல் பதிவு அனுப்பினாள். இந்த வருடம் தைப்பூசம் பிப்ரவரி 1ஆம் தேதி வந்தது, போனது. ஒரு வெள்ளி வரவில்லை.

கடைக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை பூட்டியிருந்தது. மூன்றாவது முறை வேறு ஓர் ஆள் இருந்தார். "அந்தப் பொண்ணு இங்க வேலை செய்யல, நாங்க ஒரு மேசையைத்தான் வாடகைக்கு விட்டோம்" என்றார். பதாகையில் இருந்ததைக் காட்டினேன். "அது அவங்க போட்டது" என்றார். உட்காரச் சொல்லக்கூட இல்லை.

மறுநாள் அவளிடமிருந்து ஒரு செய்தி: "நீங்க கொடுத்தது லஞ்சம். போலீசுக்குப் போனா நீங்கதான் உள்ள போவீங்க." அதைப் படித்ததும் உடம்பு சில்லிட்டுவிட்டது. நான்கு நாள் வீட்டுக்காரரிடம்கூட வாய் திறக்கவில்லை. நான் யாருக்கும் லஞ்சம் கொடுக்கவில்லை. கட்டணம் என்றாள், கட்டினேன். ஐந்தாம் நாள் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். போலீசுக்குப் போகிறேன் என்று அவளுக்கும் எழுதினேன். அன்று ராத்திரியே பிளாக்.

நேற்றுப் புகார் கொடுத்துவிட்டேன். குரல் பதிவுகள், பணம் போட்ட சீட்டுகள், போலிக் கடிதம் எல்லாவற்றையும் கொடுத்தேன். அந்த வங்கிக் கணக்கு எண்ணை, மோசடிக் கணக்கா என்று சோதிக்கும் போலீசின் ‘செமாக் மியூல்’ தளத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அதன் மேல் முன்பே புகார் இருக்கிறது. நவம்பரில் எனக்கு இது தெரிந்திருந்தால்! பண மோசடிக்கான 997 எண்ணுக்கும் அழைத்தேன். பணம் போன உடனே அழைத்திருந்தால் தடுக்கப் பார்த்திருக்கலாம், டிசம்பரில் போனதை இனி நிறுத்த முடியாது என்றார்கள்.

இந்த 1,650 வெள்ளியைவிட எனக்கு நெஞ்சு அடைப்பது வேறொன்று. போலிக் கடிதம் என்று தெரிந்த அந்த வாரமே கோலகங்சாரில் மாவட்டக் கல்வி இலாகாவுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி அம்மாள் என் கதையை முழுக்கக் கேட்டார். மாற்றலுக்குக் கட்டணமே கிடையாது, ஒரு சென் கூட இல்லை என்றார். கல்வி அமைச்சின் ‘ஐடிமீ’ தளத்தில் பெற்றோரே விண்ணப்பிக்கலாமாம். இடம் காலியாக இருக்கிறதா, காரணம் சரியா என்று பார்த்து இலாகா முடிவு செய்யுமாம். என் கைப்பேசியிலேயே திறந்து காட்டினார். பிறப்புப் பத்திரம், ஐ.சி., மின்சார பில், தேர்வு முடிவு. எல்லாம் என் வீட்டு அலமாரியில் இருந்தவை. அரை மணி நேரத்தில் முடிந்தது. எந்தக் கணினிப் பதிவுக்கு என்று 350 வெள்ளி வாங்கினாளோ, அது இதுதான். அவள் அதைக்கூடச் செய்யவில்லை.

ஆனால் அறிவியல் வகுப்பில் இடம் நிரம்பிவிட்டது. நவம்பரிலேயே விண்ணப்பித்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார். இப்போது யாராவது விலகினால்தான் உண்டு. மகள் பழைய பள்ளியில் கணக்கியல் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தச் சின்னத்தை அவளே பிளேடால் பிரித்து எடுத்துவிட்டாள். இரண்டு சுற்று தைத்ததால் துணியில் ஓட்டை விழுந்துவிட்டது. அதே சட்டையைத்தான் போட்டுக்கொண்டு போகிறாள்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். ஷிப்டு வேன் வருகிற நேரம் ஆகிவிட்டது, முக்கியமானதை மட்டும் போடுகிறேன். பள்ளி மாற்றத்துக்கு யார் பணம் கேட்டாலும் கொடுக்காதீர்கள். பிள்ளையின் பள்ளியிலோ கல்வி இலாகாவிலோ நேரே கேளுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் போடாதீர்கள், போடுமுன் கணக்கு எண்ணைச் சோதியுங்கள். ஐ.சி. நகல் கொடுத்தால் எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று அதன் மேலேயே குறுக்காக எழுதுங்கள், எங்கள் நகல்கள் இன்னும் அவளிடம்தான் இருக்கின்றன. கடிதம் வந்தால் சீருடை வாங்குவதற்கு முன் பள்ளிக்குப் போன் போட்டுக் கேளுங்கள். பணம் போய்விட்டால் அன்றே 997. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம் என்கிறார்கள், அடுத்த வாரம் அந்த மேசையை வாடகைக்கு விட்டவர் மேல் போட முடியுமா என்று கேட்கப் போகிறேன்.

அதே எண் போட்ட கடிதத்தோடு எனக்கு முன்னால் அந்தப் பள்ளிக்குப் போன பெற்றோர் யாரோ, தயவுசெய்து நீங்களும் போலீசில் புகார் கொடுங்கள். உங்களையும் லஞ்சம் என்று சொல்லித்தான் பயமுறுத்தியிருப்பாள். நான் கொடுத்துவிட்டேன், என்னை யாரும் பிடித்து உள்ளே போடவில்லை.