நிகான் டி700ஆ, டி7000ஆ? பறவைக்கும் முகத்துக்கும் ஒரே பழைய கேமரா

பறவைகளையும் படமெடுக்க வேண்டும், வீட்டு மனிதர்களின் முகங்களையும் எடுக்க வேண்டும், ஆனால் புது மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத இன்றைய வகை) கேமராவுக்கு அவ்வளவு பணம் போட மனமில்லை. இப்படி நிகான் பக்கம் தேடிப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேமராக்களுக்கு நடுவில் வந்து நிற்பார்கள்: 2008இல் வந்த டி700, 2010இல் வந்த டி7000. நானும் அங்கேதான் நின்றேன். டி7000 வாங்கினேன், இன்றும் அதில்தான் எடுக்கிறேன். டி700 நண்பருடையது, அவ்வப்போது கேட்டு வாங்கிப் பயன்படுத்தியிருக்கிறேன். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டி7000.

தெரிந்த விஷயங்களைச் சீக்கிரம் கடந்துவிடலாம். டி700 ஃபுல் ஃபிரேம், அதாவது வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் பழைய 35 மி.மீ. ஃபிலிம் அளவு; 12.1 மெகாபிக்சல். டி7000 கிராப் சென்சார், அதாவது அதைவிடச் சிறியது; 16.2 மெகாபிக்சல். பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்) மட்டும் எடை போட்டால் முன்னது ஒரு கிலோவுக்கு ஐந்து கிராம் குறைவு, பின்னது 690 கிராம். டி700இல் வீடியோ கிடையாது. டி7000இல் உண்டு, ஆனால் வீடியோவுக்காக இன்று யாரும் அதை வாங்கப்போவதில்லை.

முகங்களைப் பொறுத்தவரை டி700தான் மேல், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸை (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது) மாட்டிக்கொண்டு, மாலை வெளிச்சம் சன்னலோரம் விழும் நேரத்தில் வயதானவர் ஒருவரை எடுத்துப் பாருங்கள். கண்ணில் ஃபோகஸ் இருக்கும், காதுக்குப் பின்னாலிருந்து எல்லாம் மெல்லக் கரைந்துவிடும். தோலின் நிறம் கேமராவே உருவாக்கித் தரும் ஜேபெக் படத்திலேயே இயல்பாக வரும். இருட்டுக்காக சென்சாரின் உணர்திறனை ஐ.எஸ்.ஓ. 3200 வரை ஏற்றினாலும் முகம் முகமாகவே இருக்கும். அதே லென்ஸை டி7000இல் மாட்டினால், சென்சார் சிறியது என்பதால், ஏறக்குறைய 127 மி.மீ. லென்ஸின் பார்வைதான் கிடைக்கும். நம் வீடுகளின் கூடத்தில் அதற்குப் பின்னால் நகர இடம் இருக்காது, முதுகு சுவரில் முட்டிவிடும். அதனால் டி7000இல் வீட்டுக்குள் 50 மி.மீ. எஃப் 1.8 போடுகிறேன், 85ஐ வாசலுக்கும் தோட்டத்துக்கும் வைத்துக்கொள்கிறேன். பின்னணி மங்குவதில் ஒரு ஸ்டாப் (வெளிச்சம் பாதியாகும் ஒரு படி) அளவுக்கு இழப்பு உண்டு. இருட்டில் எடுக்கும்போதும் கிட்டத்தட்ட அதே அளவு பின்தங்கும். போர்ட்ரெய்ட் (முகப்படம்) மட்டும்தான் எடுப்பேன் என்கிறவர்கள் டி700ஐ வாங்கிக்கொள்ளலாம்.

பறவை என்று வந்தால் கதை மாறுகிறது. வேடந்தாங்கலில் கரையில் நின்றுதான் பார்க்க வேண்டும். தண்ணீருக்குள் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் நத்தைக்குத்தி நாரையும் கூழைக்கடாவும் கூடு கட்டியிருக்கும். நாம் ஒரு அடிகூட முன்னால் போக முடியாது. 300 மி.மீ. லென்ஸ் டி7000இல் 450 மி.மீ. பார்வையைத் தருகிறது, அதுவும் முழு 16 மெகாபிக்சலில். அதே இடத்தில் அதே லென்ஸோடு டி700இல் எடுத்து, அதே அளவு வெட்டி எடுத்தால் மிஞ்சுவது சுமார் 5 மெகாபிக்சல். இறகின் வரிகள் தெரியுமா தெரியாதா என்பது இந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது. டி700 வைத்திருப்பவர் இதை ஈடுகட்ட வேண்டுமென்றால் 400, 500 மி.மீ. என்று போக வேண்டும். அந்த லென்ஸ்களின் விலையில் இன்னும் நான்கு பழைய பாடி வாங்கலாம்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. குறைந்த ஐ.எஸ்.ஓ.வில் டி7000இன் சென்சார் டி700ஐவிட நிழல்களை நன்றாகப் பிடித்து வைக்கிறது. வெயிலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு வெளுத்துப்போகாமல் இருக்க, வெளிச்சத்தைக் குறைத்து ஐ.எஸ்.ஓ. 100இல் ராவாக (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பாக) எடுப்பேன். பிறகு கணினியில் பின்னணி இலைகளின் வெளிச்சத்தைக் கூட்டினால் சுத்தமாக மேலே வருகிறது. டி700இல் அதே வேலையைச் செய்தால் நிழலில் புள்ளிகள் எட்டிப்பார்க்கும்.

டி700க்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சொல்ல வேண்டும். அதன் 51 புள்ளி ஃபோகஸ் அமைப்பு நிகானின் தொழில்முறை கேமராவான டி3இலிருந்து வந்தது. பறக்கும் பறவையைத் துரத்திப் பிடிப்பதில் டி7000இன் 39 புள்ளிகளைவிட அதன் பிடி உறுதி. டி7000இல் ராவாகத் தொடர்ந்து எடுத்தால் பத்துப் படங்கள் அளவில் பஃபர் (கார்டுக்குப் போகும் முன் படங்கள் தங்கும் தற்காலிக நினைவகம்) நிரம்பி மூச்சு வாங்கும். பஞ்சுருட்டான் பறவை பூச்சியைப் பிடிக்கும் கணத்துக்காகக் காத்திருக்கிறவருக்கு அது எரிச்சல்தான். அடைமழையிலும் மலைக்காட்டு ஈரத்திலும் எது நன்றாகத் தாங்கும் என்பதில் என் அனுபவம் போதாது. டி700இன் உடல் முழுக்க மெக்னீசியம் கலவை, டி7000இல் மேற்பகுதியும் பின்பகுதியும் மட்டும் அப்படி. அதை வைத்து ஊகிக்கலாம், அவ்வளவுதான்.

என் முடிவைத் தீர்மானித்தது இவை எதுவுமே அல்ல. பேட்டரியும் மெமரி கார்டும்தான்.

பதினைந்து வருடம் தாண்டிய கேமராவை வாங்குகிறோம் என்றால், அடுத்த ஐந்தாறு வருடங்கள் அதற்கு எதைப் போட்டு ஓட்டப் போகிறோம் என்பதுதான் பெரிய கேள்வி. டி700க்கு வேண்டியது இ.என்.-இ.எல்.3இ பேட்டரி. டி80, டி90, டி200, டி300 காலத்துச் சரக்கு அது. இன்று நிகான் விற்கும் எந்தக் கேமராவும் அதைப் பயன்படுத்துவதில்லை. பழைய கேமராவோடு வரும் பேட்டரி பெரும்பாலும் தளர்ந்திருக்கும். புதிதென்று கிடைக்கும் வேற்று நிறுவனப் பேட்டரிகளில் நல்லதும் உண்டு, பாதி சார்ஜ் காட்டிக்கொண்டே சட்டென்று அணைந்துபோவதும் உண்டு. எது எப்படி என்பது வாங்கிய பிறகுதான் தெரியும்.

டி7000க்கு வேண்டியது இ.என்.-இ.எல்.15 குடும்பம். இந்தக் கேமராவோடு வந்த அதே வடிவம்தான் இன்றைய மிரர்லெஸ் கேமராக்களான இசட்5, இசட்6, இசட்8 வரிசை வரை தொடர்கிறது. இப்போது வரும் 15சி பேட்டரியை இந்தப் பழைய உடலில் போட்டால் வேலை செய்கிறது, கொள்ளளவும் பழையதைவிட அதிகம். அதாவது பழைய கேமராவுக்குப் புத்தம் புதிய அசல் பேட்டரி கடையில் கிடைக்கிறது. விடியற்காலையில் ஏரிக்கரைக்குப் போனால் மதியம்வரை பேட்டரியைப் பற்றி நினைப்பதே இல்லை. நாளை மிரர்லெஸ்ஸுக்கு மாறினாலும் அந்தப் பேட்டரி வீணாகாது.

கார்டும் அதே கதைதான். டி700இல் ஒரே ஒரு சி.எஃப். (காம்பாக்ட்ஃபிளாஷ்) கார்டு. கார்டின் விலை அதிகம், அதைப் படிக்கும் ரீடரைத் தேடி வாங்க வேண்டும். அதோடு கேமராவுக்குள் ஊசி ஊசியாக 50 பின்கள். கார்டைக் கொஞ்சம் சாய்த்துச் செருகினால் ஒரு பின் வளைந்துவிடும், பிறகு மெக்கானிக்கைத் தேட வேண்டியதுதான். டி7000இல் இரண்டு எஸ்.டி. கார்டுகள். எளிதாகக் கிடைக்கும், அதற்கான துளை உள்ள மடிக்கணினியில் நேராகச் செருகலாம். வளைகாப்பு, காதுகுத்து என்று யாராவது கூப்பிட்டால் இரண்டு கார்டிலும் ஒரே படத்தைச் சேமிக்க வைத்துவிட்டு நிம்மதியாக எடுக்கிறேன். இன்னொரு முறை எடுக்க முடியாத படங்கள் அவை.

லென்ஸ் விஷயத்தில் இரண்டும் சமம், அது பெரிய ஆறுதல். இரண்டு உடலுக்குள்ளும் ஃபோகஸ் மோட்டார் இருக்கிறது. அதனால் 50 மி.மீ., 85 மி.மீ., 180 மி.மீ. என்று தனக்குள் மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்களைக் குறைந்த விலைக்கு வாங்கி ஆட்டோஃபோகஸோடு பயன்படுத்தலாம். டி3000, டி5000 வரிசைகளில் அந்த மோட்டார் இல்லை. விலை குறைவு என்று அவற்றை எடுத்தால் இந்த லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டியிருக்கும், ஓடியாடும் குழந்தையை அப்படி எடுப்பது கஷ்டம். கேனான் லென்ஸ் ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு 5டி மார்க் 2 முகங்களுக்கு அருமையானது. ஆனால் 9 புள்ளி ஃபோகஸ், நொடிக்கு 3.9 படம் என்பதால் பறவைக்குப் பின்னால் ஓட அதனால் முடியாது.

சரி, வாங்கப் போகும்போது என்ன பார்ப்பது? இரண்டு கேமராவின் ஷட்டரும் 1,50,000 முறைக்குச் சோதிக்கப்பட்டவை. கடையிலேயே ஒரு ஜேபெக் எடுத்து வந்து கணினியில் ஷட்டர் கவுண்ட் (ஷட்டர் இதுவரை எத்தனை முறை இயங்கியது என்ற எண்) பார்க்கலாம், அந்த எண் படத்துக்குள்ளேயே பதிவாகியிருக்கும். மெனுவில் பேட்டரி தகவல் பகுதியைத் திறந்தால் பேட்டரியின் வயது 0 முதல் 4 வரை காட்டும். 0 என்றால் புதிது, 4 என்றால் மாற்ற வேண்டிய நேரம். எஃப் 16இல் வானத்தை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் சென்சார் தூசியும் எண்ணெய்ப் பொட்டும் தெரிந்துவிடும். பிடியின் ரப்பர் உப்பியோ பிசுபிசுத்தோ இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். இதையெல்லாம் பார்த்த பிறகும் மனம் டி700இல்தான் நிற்கிறது என்றால், சி.எஃப். கார்டு அறையை டார்ச் அடித்து உள்ளே பாருங்கள், குறைந்தது இரண்டு நல்ல பேட்டரிகள் கைக்கு வந்த பிறகு பாடிக்குப் பணம் கொடுங்கள்.