மரத்தடியில் நின்ற பழைய ஸ்டாண்டர்டு: ஹெரால்டா, கெசலா?

திண்டுக்கல் போகும் வழியில் ஒரு ஒர்க்‌ஷாப் ஓரம், வேப்பமரத்தடியில் நின்றது அந்தக் கார். குட்டி உடம்பு, நான்கு கதவு, பெயர்ப்பட்டை எதுவும் இல்லை. "பழைய ஸ்டாண்டர்டு சார், நம்ம மெட்ராஸ் வண்டி" என்றார் விற்பவர். அது சரிதான். ஸ்டாண்டர்டு கம்பெனி சென்னையில் 1961 முதல் ஹெரால்டையும், 1972 முதல் 1977 வரை கெசலையும் செய்தது. இது எது என்று தெரியாமல் விலை பேசக் கூடாது.

நான்கு கதவு என்றாலே கெசல் என்பார்கள். ஹெரால்டு மார்க் 3-க்கும் நான்கு கதவு உண்டு. எஞ்சினும் கைகொடுக்காது, இரண்டிலும் 948 சிசி. கிரில், விளக்கு எல்லாம் இத்தனை வருஷத்தில் எத்தனையோ முறை மாறியிருக்கும். ஆர்சி புத்தகம் இருந்தால் சேஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், உள்ள நம்பரைப் பென்சிலால் தேய்த்தெடுத்து ஒப்பிடுங்கள்.

எனக்குச் சந்தேகத்தைத் தீர்த்தது ஜாக்கி. பின்பக்கச் சேஸில் ஜாக்கி கொடுத்துத் தூக்கினேன், சக்கரத்தின் அடிப்பகுதி உள்பக்கம் மடங்கியது. ஹெரால்டுதான். அதில் பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் சேஸோடு நிற்க, இரண்டு பக்க ஆக்சிலும் தனித்தனியாக ஆடும். கெசலில் அம்பாசடர் போல ஒரே ஆக்சில், சக்கரம் நேராகத் தொங்கும். ஹெரால்டின் அமைப்பு நம் ஊர் மெக்கானிக்குகளுக்குப் பிடிபடவில்லை, அதனால் வந்த மாற்றம் அது. வளைவில் வேகமாகப் போய்ச் சட்டென்று ஆக்சிலரேட்டரை விட்டால் ஹெரால்டின் பின்பக்கம் பயமுறுத்தவும் செய்யும். கெசலை ஒரே ஒருமுறை ஓட்டியிருக்கிறேன், மேடு பள்ளத்தில் நிதானமாகவே போனது. நெடும்பயணத்துக்கு அது எப்படி என்று என்னை வைத்து முடிவு செய்யாதீர்கள்.

அப்படியிருந்தும் ஹெரால்டையே வாங்கினேன். காரணம் ஸ்பேர். இங்கிலாந்தின் டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். ஐந்து லட்சத்துக்கு மேல் விற்ற வண்டி, 1980 வரை வந்த டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் காரும் அதே குடும்பம். அதனால் முன் சஸ்பென்ஷன், சக்கரத்தைச் சுழற்றும் ஹாஃப் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல் சாமான்கள் இன்றும் புதிதாகவே அங்கிருந்து வரவழைக்கலாம். காசு ஆகும், ஆனால் கிடைக்கும். கெசல் இந்தியாவில் மட்டும், அதுவும் குறைவாக வந்த வண்டி. அதற்கே உரிய சாமான் உடைந்தால் இன்னொரு கெசலைத் தேடி அலைய வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் ஹெரால்டும் கைவிடும். நான்கு கதவு ஹெரால்டு நம் நாட்டில் மட்டுமே வந்தது, பின்கதவும் அதன் கண்ணாடியும் வெளிநாட்டில் கிடைக்காது. முன்பணம் கொடுக்குமுன் அந்த இரண்டு கதவையும் திறந்து மூடி, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.