டெலிபோன் மார்க் அகர் அகர்: ஹாலோவீனுக்குக் கண்முழியும் மூளையும் செய்து பார்த்தேன்

போன வருஷம் அக்டோபர் 31 அன்று, நியூஜெர்சி எடிசனில் எங்கள் அபார்ட்மென்ட்டின் பொது அறையில் நடந்த, பேய் வேஷம் கட்டும் ஹாலோவீன் விருந்துக்கு ஜெலட்டின் புழுக்கள் செய்து எடுத்துப்போனேன். பெரிய கண்ணாடிக் கிண்ணம் நிறையப் புழுக்கள், மேலே மண் மாதிரி சாக்லேட் பிஸ்கட் தூள். ஒரு சிறுவன் ஆசையாகப் பக்கத்தில் வந்து, "ஆண்ட்டி, இதுல ஜெலட்டின் இருக்கா?" என்று கேட்டான். இருக்கிறது என்றேன். ஒன்றும் சொல்லாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மற்ற பிள்ளைகள் தின்பதைப் பார்த்தபடி நின்றான். வந்திருந்த 14 பிள்ளைகளில் அவனையும் சேர்த்து 3 பேர் வீட்டில் ஹலால், 4 பேர் வீட்டில் சுத்த சைவம். பாதிப் பேர் தொட முடியாத ஒன்றை நடுமேசையில் வைத்துவிட்டோமே என்று மனசு ரொம்ப வருத்தப்பட்டது.

ஜெலட்டின் என்பது பன்றி, மாடு இவற்றின் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் எடுப்பது. ஹலால் முத்திரை போட்ட மாட்டு ஜெலட்டின் கிடைக்கிறது, ஆனால் சைவப் பிள்ளைகளுக்கு அது ஆகாது. இங்குள்ள அமெரிக்க வீடுகளில் இந்தக் கேள்வியே பெரும்பாலும் எழுவதில்லை. பக்கத்து நியூயார்க் மாநிலத்தின் லீராய் என்ற சிற்றூரில் 1897-இல் தொடங்கிய ஜெல்-ஓ என்ற ஜெலட்டின் இனிப்பு, பாட்டி காலத்திலிருந்து அவர்கள் சமையலறையில் இருக்கிறது.

எனக்கு இதற்கு மாற்று தெரியாமலும் இல்லை. நான் வளர்ந்தது ராமநாதபுரத்தில். நோன்பு மாதம் வந்தால் பக்கத்து வீட்டிலிருந்து ரோஸ் நிறத்தில், வில்லை வில்லையாக வெட்டிய கடல்பாசி சாயங்காலம் தட்டில் வரும். கடலில் வளரும் பாசியிலிருந்து எடுத்து, ஜெலட்டின் மாதிரி உறையவைக்கும் அகர் அகரில் செய்தது அது. மன்னார் வளைகுடாவில் பெண்கள் முங்கி எடுக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் அகர் எடுக்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரிலிருந்து வந்துவிட்டு ஜெலட்டினைக் கிண்டிக்கொண்டிருக்க வேண்டாம் என்று இந்த வருஷம் முடிவு செய்தேன்.

வாங்கியது தாய்லாந்தில் தயாராகும் டெலிபோன் மார்க் அகர் அகர் தூள். பழைய டெலிபோன் படம் போட்ட சின்ன பாக்கெட், 25 கிராம். ஏசியன் கடையில் 4 டாலருக்குச் சற்றுக் குறைவாகக் கிடைத்தது. ஊரில் சைனா கிராஸ் என்று இழையாக விற்கும் அகரை ஊறவைத்து, கரைகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இது நல்ல நைஸ் தூள், ஊறவைக்கும் வேலை இல்லை. வாடையும் இல்லை, நிறமும் இல்லை. 1 கப் திரவத்துக்கு மட்டமாக 1 டீஸ்பூன் போட்டால் கத்தியால் வெட்டும் அளவுக்குக் கெட்டிப்படும். பச்சைத் தண்ணீரிலேயே தூவிக் கலக்கி, அப்புறம் அடுப்பில் வைத்து, கொதி வந்த பின்னும் 2 நிமிஷம் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். கொதிக்கும் நீரில் நேராகக் கொட்டினால் கட்டி தட்டிவிடும். அகர் முழுதாகக் கரைந்த பிறகு சர்க்கரை போட்டால் போதும். எலுமிச்சைச் சாறு மாதிரி புளிப்பு எதுவானாலும் அடுப்பை அணைத்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்போடு சேர்த்துக் கொதிக்கவிட்டால் பிடிப்பு போய்விடுகிறது.

முதலில் செய்தது கண்முழி. அரைவட்டக் குழிகள் உள்ள சிலிக்கான் அச்சில் ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒரு புளூபெர்ரி. அதைச் சுற்றி எலுமிச்சைச் சாறும் பச்சை நிறமும் கலந்த அகர் ஒரு ஸ்பூன். அதன்மேல் பாலும் கண்டென்ஸ்டு மில்க்கும் சேர்த்த வெள்ளை அகர். பச்சை அடுக்கு முழுதாக இறுகியபின் வெள்ளையை ஊற்றினால் இரண்டும் ஒட்டாது. என் முதல் 12 கண்களில் 7 கண்களின் பச்சை, வெள்ளையை விட்டு வழுக்கிக்கொண்டு தனியே வந்துவிட்டது. விரலால் தொட்டால் லேசாக ஏடு கட்டியிருக்க வேண்டும், அடியில் இன்னும் தளதளவென்று ஆட வேண்டும். அந்த நேரத்தில் வெள்ளையைச் சுடச்சுட ஊற்றினால் இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும். இரண்டாவது தடவை 12-ம் முழுசாக வந்தன. டூத்பிக்கால் சிவப்பு நிறம் தொட்டு நரம்பு வரைந்தது என் மகள். அவளுக்கு 9 வயது. நான் வரைந்திருந்தால் இவ்வளவு அருவருப்பாக வந்திருக்காது.

அடுத்தது மூளை. இதற்காக ஆன்லைனில் மூளை வடிவப் பிளாஸ்டிக் அச்சு ஒன்று வாங்கினேன். தேங்காய்ப்பாலில் ரோஸ் சிரப் கலந்து சூடாக ஊற்றியதும் அச்சு ஒரு பக்கம் நெளிந்து சாய்ந்து, பாதி மேடையில் ஓடியது. ஜெலட்டினை வெதுவெதுப்பாக ஆறவைத்து ஊற்றலாம், அது பிரிட்ஜுக்குள் போய்த்தான் உறையும். அகர் அப்படி இல்லை. 40 டிகிரி செல்சியஸுக்குக் கிட்ட வரும்போதே கெட்டிப்பட ஆரம்பிக்கும், அதனால் சூடாகத்தான் ஊற்றியாக வேண்டும். மெல்லிய பிளாஸ்டிக் அச்சு அந்தச் சூட்டைத் தாங்காது. அகருக்கு அச்சு வாங்குகிறவர்கள் சிலிக்கான் மட்டும் வாங்குங்கள். தோழியிடம் சிலிக்கான் மூளை அச்சை இரவல் வாங்கி மறுபடி செய்தேன். மடிப்பு மடிப்பாக அப்படியே பெயர்ந்து வந்தது. மேலே செர்ரிச் சாற்றை ஊற்றி மேசையில் வைத்ததும் பெரியவர்களே ஒரு அடி பின்னால் போனார்கள்.

புழு மட்டும் அகரில் சரிவரவில்லை. புழுவுக்கு, மடங்கும் ஸ்ட்ரா நூறை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டி, உயரமான டம்ளரில் நிறுத்தி, மேலே ஊற்றி உறையவைப்பார்கள். உறைந்தபின் வெந்நீரில் காட்டி, ஸ்ட்ராவை ஒரு முனையிலிருந்து பிதுக்க வேண்டும். ஜெலட்டின் ரப்பர் மாதிரி வளைந்து நீளமாக வெளியே வரும். அகர் மொறுக்கென்று ஒடியும் குணம் உள்ளது, எனக்கு இரண்டு அங்குலத் துண்டுகளாகத்தான் வந்தது. நெளிகிற புழுவுக்கு அகர் ஒத்துவராது. நான் புழுவை விட்டுவிட்டு விரல்களுக்குப் போனேன். நுனியில் ஆப்பிள் சீவலை நகமாகப் பதித்தேன். நேரம் ஆக ஆக ஆப்பிள் பழுப்பேறி அழுக்கு நகமாகவே ஆனது. பாதாம் வைத்தால் இன்னும் பொருத்தமாக இருக்கும், ஆனால் பிள்ளைகள் கூடும் இடத்தில் அலர்ஜி பயத்தால் கொட்டை வகைகளை நான் தொடுவதில்லை.

மேசை நடுவில் வைக்க டானிக் வாட்டர் என்ற கசப்புச் சோடாவிலும் ஒரு பேய் செய்தேன். அதில் உள்ள குயினைன் என்ற கசப்புப் பொருள், பிளாக் லைட் எனும் புற ஊதா விளக்கின் ஒளி பட்டால் நீலமாக ஒளிரும். கொஞ்சம் தண்ணீரில் அகரைக் கொதிக்கவைத்து, சூடாக்கிய டானிக் வாட்டரை அதில் கலந்தேன். ஜில்லென்று ஊற்றினால் திரிதிரியாகிவிடும். கசப்பு என்பதால் அது தின்பதற்கு அல்ல, அழகுக்கு மட்டும். விளக்கை அணைத்ததும் எழுந்த கூச்சலில் கீழ்வீட்டுக்காரர் என்னவோ என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இந்தத் தூளுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பது அது மேசையில் நின்ற விதத்துக்காக. போன வருஷம் ஹீட்டர் ஓடிக்கொண்டிருந்த அறையில் ஜெலட்டின் புழுக்கள் ஒரு மணி நேரத்தில் வேர்த்து, ஒன்றோடொன்று ஒட்டி ஒரே களியாகிவிட்டன. ஜெலட்டின் 30 டிகிரி தாண்டினாலே தளரும். உறைந்த அகர் மறுபடி உருக 85 டிகிரியாவது வேண்டும். இந்த வருஷம் மாலை 5 மணிக்கு வைத்த கண்கள் 8 மணிக்கும் அப்படியே முழித்துக்கொண்டிருந்தன. இன்னொன்று, சமைக்காத அன்னாசியும் கிவியும் போட்டால் ஜெலட்டின் உறையவே உறையாது. அந்தப் பழங்களின் நொதி ஜெலட்டினில் உள்ள புரதத்தை வெட்டிவிடும். அகரில் புரதம் இல்லை, அதனால் விரல்களுக்குள் அன்னாசித் துண்டை எலும்பாக வைக்க முடிந்தது.

குறை என்று பார்த்தால், வாயில் வைத்ததும் கரைகிற சுகம் இதில் இல்லை. கடித்துத்தான் தின்ன வேண்டும். ஜெல்-ஓ சாப்பிட்டே வளர்ந்த இரண்டு பிள்ளைகள் "இது ஏன் ஆடவே இல்லை?" என்று கேட்டார்கள். அளவை முக்கால் டீஸ்பூனாகக் குறைத்தால் மெத்தென்று வருகிறது, ஆனால் அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரம் பிய்கிறது. பாதி கண்களுக்கு அப்படிச் செய்தேன், பாதிக்கு முழு அளவு. இரண்டு நாளுக்கு மேல் பிரிட்ஜில் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும், முந்தின நாள் ராத்திரி செய்வதே நல்லது.

மொத்தத்துக்கும் ஒரு பாக்கெட்டும் இரண்டாவதில் கொஞ்சமும் செலவானது. அந்தச் சிறுவன் இந்த வருஷமும் வந்து அதே கேள்வியைக் கேட்டான். "இல்லப்பா, கடல்பாசி" என்றேன். "கடல்பாசியா! எங்க நன்னி (பாட்டி) செய்வாங்க" என்று சொல்லிவிட்டு, ஒரு கண்ணைத் தன் வாயில் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தங்கச்சிக்கு எடுத்துக்கொண்டு ஓடினான்.