சிங்கிள் ஃபேஸா, த்ரீ ஃபேஸா? வீட்டு மீட்டரை மாற்றும் முன் ஒரு அலசல்

மாடி கட்டியபோது எங்கள் வீட்டு மின் இணைப்பை சிங்கிள் ஃபேஸிலிருந்து (கரண்ட் வரும் வயர் ஒன்று) த்ரீ ஃபேஸுக்கு (கரண்ட் வரும் வயர் மூன்று) மாற்றினோம். அப்போதிருந்து, தெருவில் யார் வீடு கட்டினாலும் "எது எடுக்கலாம்?" என்று வந்து கேட்கிறார்கள். என் பதில் த்ரீ ஃபேஸ் பக்கம்தான். ஆனால் ஊரில் அதற்குச் சொல்லும் காரணம் வேறு, என் காரணம் வேறு.

ஊரில் சொல்வது எல்லோருக்கும் தெரிந்ததே. ஒரு ஃபேஸ் போனால் சேஞ்ச்ஓவர் சுவிட்சைத் திருப்பி இன்னொரு ஃபேஸில் ஃபேனையும் ஃப்ரிட்ஜையும் ஓட்டிக்கொள்ளலாம். நல்ல வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்காக மட்டும் த்ரீ ஃபேஸ் எடுப்பதாக இருந்தால் ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வைத்துக்கொள்ளலாம். மூன்று ஃபேஸும் சேர்ந்து போகும் நேரத்தில் கைகொடுப்பது அதுதான்.

பில் விஷயத்தையும் சட்டென்று முடித்துவிடலாம். த்ரீ ஃபேஸ் போட்டால் மீட்டர் வேகமாக ஓடும் என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. மீட்டர் கணக்குப் பார்ப்பது யூனிட்டை. 2 கிலோவாட் ஹீட்டர் அரை மணி நேரம் ஓடினால் எந்த மீட்டரிலும் ஒரு யூனிட்தான். தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கான கட்டண அடுக்குகள் இரண்டுக்கும் ஒன்றே. 2016-இல் வந்த முதல் 100 யூனிட் இலவசத்திலும் யாரும் ஃபேஸ் பார்க்கவில்லை. கூடுதலாக வருவது இணைப்பு எடுக்கும்போது கட்டும் தொகையும், வீட்டுக்குள் வயரிங், அறைகளுக்குக் கரண்டைப் பிரித்துவிடும் டிபி பாக்ஸ், இன்னொரு எர்த் குழி ஆகியவற்றின் செலவும்தான்.

இனி என் காரணத்துக்கு வருகிறேன். அது சூடு. மீட்டரின் அடியில், மூடிக்குள் இருக்கும் டெர்மினலில் வயர் ஏறும் இடத்தில் உண்டாகும் சூடு.

கணக்கைப் பாருங்கள். ஒன்றரை டன் ஏசி இரண்டு, கீசர் ஒன்று, இண்டக்‌ஷன் அடுப்பு, ஒரு ஹெச்.பி. மோட்டார், அப்புறம் ஃப்ரிட்ஜும் விளக்குகளும். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினால் ஏறக்குறைய 9 கிலோவாட். சிங்கிள் ஃபேஸில் 230 வோல்ட்டுக்கு இது 39 ஆம்பியர். அத்தனையும் ஒரே வயரில் வந்து, ஒரே டெர்மினலில் ஏறி, திரும்பும் வயரான நியூட்ரல் வழியாக முழுசாகத் திரும்பிப் போகிறது. அதே லோடை மூன்றாகச் சமமாகப் பிரித்தால் ஃபேஸுக்கு 13 ஆம்பியர்தான்.

மூன்றில் ஒரு பங்கு கரண்ட் என்றால் சூடும் மூன்றில் ஒரு பங்கு என்று நினைத்துவிட வேண்டாம். இணைப்பில் உண்டாகும் சூடு கரண்டின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஆக ஒன்பதில் ஒரு பங்கு. கொஞ்சம் தளர்ந்துபோன ஒரு ஸ்க்ரூவில் 5 மில்லி ஓம் தடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 39 ஆம்பியரில் அங்கே 7.6 வாட் சூடு; 13 ஆம்பியரில் 0.85 வாட். 7.6 வாட் என்பது கேட்கச் சின்ன எண்தான். ஆனால் ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்னே 25 வாட். அதில் மூன்றில் ஒரு பங்கு, மூடிய பிளாஸ்டிக்குக்குள், ஒரு ஸ்க்ரூ தலையளவு இடத்தில், எல்லாம் சேர்ந்து ஓடும் நேரம் முழுக்க இருந்துகொண்டே இருக்கிறது.

இது ஏன் நம் வீடுகளில் சகஜம் என்றால், போஸ்ட்டிலிருந்து வரும் சர்வீஸ் வயர் பெரும்பாலும் அலுமினியம். மீட்டர் டெர்மினல் பித்தளை. அலுமினியம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி விலகும் குணம் உள்ளது. காற்றுப் பட்டால் மேலே ஆக்சைடு படியும், அதில் கரண்ட் சரியாகப் போகாது. சூடாகிறது, விரிகிறது, ஆறுகிறது, சுருங்குகிறது. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்க்ரூவின் பிடி இன்னும் கொஞ்சம் தளர்கிறது. எங்கள் பழைய மீட்டரைக் கழற்றியபோது லைன்மேன் டெர்மினல் மூடியைக் காட்டினார். ஃபேஸ் வயர் ஏறும் இடத்துக்கு நேர் மேலே பிளாஸ்டிக் டீ டிக்காஷன் நிறத்தில் இருந்தது. வயரின் இன்சுலேஷன் விரலால் தொட்டதும் பொடியாக உதிர்ந்தது. வெளியே இருந்து பார்க்கும் எங்களுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. ஏசி ஸ்டார்ட் ஆகும்போது விளக்கு ஒரு கணம் மங்கும், அவ்வளவுதான்.

மீட்டர் முகப்பில் எழுதியிருப்பதையும் பாருங்கள். 5-30 ஆம்பியர் என்றால் அந்த மீட்டர் தாங்கும் உச்சம் 30. த்ரீ ஃபேஸ் மீட்டரில் 10-40 என்று போட்டிருந்தால் அது ஒவ்வொரு ஃபேஸுக்கும் 40. லோடு ஏறிய வீட்டில் பழைய சிங்கிள் ஃபேஸ் மீட்டரை அப்படியே விட்டுவைப்பது சரியில்லை என்பதற்கு இந்த ஒரு வரியே போதும்.

சரி, த்ரீ ஃபேஸில் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அதன் பெயர் நியூட்ரல்.

த்ரீ ஃபேஸ் வீட்டில் நியூட்ரல் கழன்றால் கரண்ட் நின்றுவிடாது. ஒரு ஃபேஸில் இருக்கும் பொருள் வழியாக இன்னொரு ஃபேஸுக்குப் போக வழி தேடும். இரண்டு ஃபேஸுக்கு நடுவே 400 வோல்ட். ஒன்றில் 2000 வாட் கீசர், இன்னொன்றில் 100 வாட் டிவி மட்டும் ஓடுகிறது என்றால், டிவியின் மீது விழுவது சுமார் 380 வோல்ட். லோடு குறைவாக உள்ள ஃபேஸில் இருக்கும் பொருட்கள்தான் முதலில் பலியாகும். சிங்கிள் ஃபேஸ் வீட்டுக்குள் நியூட்ரல் கழன்றால் எல்லாம் அணைந்துபோகும். ஆனால் அப்போதும் சாக்கெட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரியும். கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பவருக்கு அது ஆபத்து.

சிங்கிள் ஃபேஸ்தான் பாதுகாப்பு என்பவர்கள் இந்த நியூட்ரல் கதையைத்தான் சொல்வார்கள். பாதி சரி. வீட்டுக்கு உள்ளே கழன்றால் சிங்கிள் ஃபேஸில் சேதம் குறைவு. ஆனால் தெரு லைனிலோ டிரான்ஸ்ஃபார்மர் பக்கமோ நியூட்ரல் அறுந்தால் சிங்கிள் ஃபேஸ் வீடும் தப்பாது. பக்கத்து வீட்டு லோடும் உங்கள் லோடும் சேர்ந்து அதே விளையாட்டை ஆடும். ஒரு வீட்டில் பல்பு பளீரென்று எரியும், அடுத்த வீட்டில் மினுக்கும். அந்த அறிகுறி தெரிந்த நொடியில் மெயினை அணைக்க வேண்டும். பிறகுதான் மற்றதெல்லாம். ஆகையால் ஓவர் வோல்டேஜ், அண்டர் வோல்டேஜ் பார்த்துத் தானே துண்டிக்கும் ப்ரொடெக்டர் இரண்டு வகை வீட்டுக்கும் வேண்டும். த்ரீ ஃபேஸ் எடுப்பவர் அதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிட வேண்டும். அதற்குப் பணம் இல்லையென்றால் த்ரீ ஃபேஸைத் தள்ளிப்போடுங்கள் என்றுகூடச் சொல்வேன்.

நியூட்ரல் கழலாமல் இருக்க வயரிங்கிலேயே சில காரியங்கள் உண்டு. நியூட்ரல் வயர் ஃபேஸ் வயரின் அளவிலேயே இருக்க வேண்டும். "பேலன்ஸ் ஆனால் நியூட்ரலில் கரண்டே வராது சார், சின்னது போதும்" என்று சொல்லும் எலக்ட்ரீஷியன் உண்டு. காகிதத்தில் சரி. வீட்டில் மூன்று ஃபேஸும் சமமாக ஓடும் நேரம் அபூர்வம். எல்ஈடி விளக்கும் இன்வெர்ட்டர் ஏசியும் உண்டாக்கும் ஹார்மோனிக் கரண்ட் (அலை நெளிந்த கரண்ட்) நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளாமல் கூடுகிறது. அப்புறம் நியூட்ரலில் தனி ஃபியூஸ் கட்டை போடவே கூடாது. மெயினில் மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து அணைக்கும் நாலு போல் ஐசோலேட்டர், அதையடுத்து கரண்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி. மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளே இந்தக் கசிவுப் பாதுகாப்பைக் கேட்கின்றன. அதில் இருக்கும் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். சுவிட்ச் தானே கீழே விழவில்லை என்றால் அது வெறும் அலங்காரம். த்ரீ ஃபேஸுக்கு எர்த் இரண்டு, தனித்தனி குழியில்.

லோடைப் பிரிப்பதைத்தான் பலர் எலக்ட்ரீஷியன் கையில் விட்டுவிடுகிறார்கள். நாமே உட்கார்ந்து எழுத வேண்டிய வேலை அது. எங்கள் வீட்டில் கீழ் ஏசியும் மோட்டாரும் ஒரு ஃபேஸ், மாடி ஏசி ஒரு ஃபேஸ், கீசரும் சமையலறையும் ஒரு ஃபேஸ். விளக்கு, ஃபேன் எல்லாம் மூன்றிலும் பரவலாக. ஒரு ஃபேஸ் போன நேரத்தில் சேஞ்ச்ஓவரைத் திருப்பினால் ஏசியையும் கீசரையும் முதலில் அணைத்துவிடுகிறோம். இல்லாவிட்டால் போன ஃபேஸின் சுமையும் இன்னொன்றின் தலையில் ஏறி, எந்தச் சூட்டுக்குப் பயந்து மாற்றினோமோ அதே சூடு திரும்ப வரும். மோட்டாரைப் பொறுத்தவரை, த்ரீ ஃபேஸ் இணைப்பு இருந்தாலும் வீட்டுக்கு சிங்கிள் ஃபேஸ் மோட்டாரே போதும். த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடும்போது ஒரு ஃபேஸ் போனால், தடுக்கும் கருவி இல்லாத பட்சத்தில் காயில் எரிந்துவிடும்.

மீட்டர் வைக்கும் இடம் இரண்டுக்கும் பொதுவானது. மழை படாத சுவர், கண் மட்டத்தில் எண் தெரியும் உயரம், பக்கத்தில் கேஸ் சிலிண்டரோ குளியலறையோ இல்லாமல். கணக்கெடுக்க வருபவர் வீட்டுக்குள் வராமலே பார்க்கும்படி இருந்தால் நல்லது. சர்வீஸ் வயரை மேலிருந்து நேராக மீட்டர் பெட்டிக்குள் இறக்கக் கூடாது. பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு விட்டு, அடியிலிருந்து ஏற்ற வேண்டும். மழைநீர் வயரைப் பிடித்துக்கொண்டு வரும். வளைவில் சொட்டிவிடும், டெர்மினலுக்குப் போகாது.

மீட்டரின் சீலை மட்டும் எக்காரணம் கொண்டும் தொடாதீர்கள். மீட்டரும் அதற்கு முன்னால் உள்ளதும் மின்வாரியத்தின் பொறுப்பு; மெயின் சுவிட்சிலிருந்து உள்ளே வருவது நம் பொறுப்பு. உள்ளே மெயினை அணைத்தாலும் மீட்டர் டெர்மினலில் கரண்ட் இருந்துகொண்டேதான் இருக்கும். சீலை உடைத்தால் 2003 மின்சாரச் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் திருட்டு வழக்கில் சிக்கவும் நேரலாம். கருகிய வாடை, 'கிர்ர்' என்ற சத்தம், மூடி நிறம் மாறுவது, இதில் எது தெரிந்தாலும் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்கு அழைத்துவிட்டு, அவர்கள் வரும்வரை பெரிய லோடுகளை நிறுத்தி வையுங்கள்.

தொடாமலே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. மீட்டரில் மினுக்கும் சிவப்பு விளக்கின் பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று எழுதியிருக்கும். அது 3200 என்றால், 1000 வாட் அயர்ன் பாக்ஸ் மட்டும் ஓடும்போது நிமிடத்துக்கு 53 வாக்கில் மினுக்க வேண்டும். அயர்ன் பாக்ஸ் சூடேறி நடுவில் தானே அணைந்துவிடும், அதனால் போட்டவுடனே எண்ணுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் அணைத்தபின்னும் மினுக்கினால் எங்கோ கசிவு இருக்கிறது, அல்லது நீங்கள் மறந்த ஏதோ ஒன்று ஓடுகிறது. த்ரீ ஃபேஸ் மீட்டரில் மூன்று ஃபேஸுக்கும் தனித்தனி விளக்கோ குறியோ இருக்கும். ஒன்று அணைந்திருந்தால் போனது எந்த ஃபேஸ் என்று வாசலிலேயே தெரிந்துவிடும். பல சிங்கிள் ஃபேஸ் மீட்டர்களில் கசிவைக் காட்டும் விளக்கு ஒன்று உண்டு. அது விடாமல் எரிந்தால், போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் சமமாக இல்லை என்று பொருள். வாடகைப் போர்ஷன் உள்ள வீடுகளில் இதற்குப் பெரும்பாலும் காரணம், இரண்டு இணைப்பின் நியூட்ரலையும் யாரோ ஒன்றாகச் சேர்த்து முறுக்கியிருப்பதுதான்.

யாருக்கு சிங்கிள் ஃபேஸே போதும்? ஒரு ஏசி, ஒரு கீசர், இரண்டும் ஒரே நேரத்தில் ஓடாத வீடு. சின்ன வாடகைப் போர்ஷன். வயதான பெற்றோர் மட்டும் இருக்கும் வீடு. சேஞ்ச்ஓவரைத் திருப்புவதும் ஏசியை அணைப்பதும் அவர்களுக்கு வேண்டாத வேலை. இன்வெர்ட்டர் இணைப்பதும் அங்கே எளிது. அப்படிப்பட்ட வீட்டில் அந்தப் பணத்தை ஆர்சிசிபி, நல்ல எர்த், அலுமினிய வயரின் நுனிக்கு பைமெட்டல் லக் (ஒரு பக்கம் அலுமினியம், மறுபக்கம் செம்பு உள்ள முனை) என்று செலவழிப்பதே புத்திசாலித்தனம்.

சோலாரும் மின்சாரக் காரும் பற்றி என்னிடம் அனுபவம் இல்லை, அதனால் உறுதியாகப் பேச மாட்டேன். ஒன்று மட்டும் கணக்கிலேயே தெரிகிறது. சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் கார் சார்ஜர் தனியாகவே 32 ஆம்பியர் இழுக்கும், அதுவும் மணிக்கணக்கில். கார் வாங்கும் எண்ணம் இருப்பவர் வயரிங் போடும்போதே வாசல் வரை ஒரு காலிக் குழாய் விட்டு, டிபி பாக்ஸில் அதற்கான இடத்தையும் ஒதுக்கிவிடலாம்.

மாற்றுவது என்று முடிவானால், விண்ணப்பத்துக்கு முன் உள் வயரிங்கை முடித்துவிடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் புது த்ரீ ஃபேஸ் மீட்டர் வந்தபிறகும் உள்ளே பழைய டிபி பாக்ஸ்தான். மூன்று ஃபேஸில் ஒன்றில்தான் முழு வீடும் ஓடுகிறது, மற்ற இரண்டும் மெயினோடு நிற்கின்றன.