இரண்டு மணி நேரத்தில் அடித்துத் தந்த கறுப்புப் பூச்சு

எங்கள் வீடு குளச்சல் பக்கம். காலையில் கார்க் கண்ணாடியைத் துடைத்தால் துணியில் உப்புப் பிசுபிசுக்கும். அது போதாதென்று, மீன் வண்டிகள் வேறு ஐஸ் தண்ணீரைச் சாலை நெடுக ஒழுகவிட்டுப் போகும். பின்னால் வருகிறவனின் வண்டி அடியில்தான் அது தெறிக்கும். ஆகவே அண்டர்கோட்டிங், அதாவது துரு பிடிக்காமலிருக்க வண்டியின் அடித்தகட்டில் பூசும் பூச்சு, அடிக்க வேண்டும் என்று நான் நினைத்ததில் பிழையில்லை. அடித்த இடத்தில்தான் பிழை.

நாகர்கோவில் போகும் வழியில் ஒரு கடை. பெயர் வேண்டாம். 'ரப்பர் கோட்டிங், ஐந்து ஆண்டு கியாரண்டி' என்று பெரிய பலகை. 6,500 ரூபாய். நான் போனது ஆடிச் சாரலில். வண்டியே சொட்டச் சொட்ட நின்றது. "இரண்டு மணி நேரம் போதும் சார், டீ குடித்துவிட்டு வாருங்கள்" என்றார் கடைக்காரர். லிஃப்டில் ஏற்றி, தண்ணீர் பீய்ச்சி, பத்து நிமிடம் காற்று அடித்து, உடனே கறுப்பை அடித்துவிட்டார்கள். ஏழு வயதான கார் அது. அங்கங்கே துரு தொடங்கியிருந்தது. கம்பி பிரஷ் போட்டு அதைத் தேய்க்கக்கூட இல்லை. நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அந்தப் பளபளப்பில் மனம் குளிர்ந்துபோய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்தேன்.

வீட்டுக்கு வருவதற்குள் தீய்ந்த நாற்றம். சைலன்சர் மேலும் அடித்திருக்கிறார்கள்! கேட்டால், "நான்கு நாளில் போய்விடும் சார்." ஒரு மாதம் ஆனது.

அடுத்த ஐப்பசி மழையில் பிரேக் போடும்போதெல்லாம் கதவுக்குக் கீழே குடத்தில் தண்ணீர் தளும்புவதுபோல் சத்தம். தக்கலையில் தெரிந்த டிங்கர் ஒருவரிடம் காட்டினேன். அவர் ஸ்க்ரூடிரைவரால் ஒரு நெம்பு நெம்பினார். நேந்திரம்பழத் தோல்போல் கறுப்பு உரிந்து வந்தது. உள்ளே தகடு இல்லை, பழுப்புப் பொருக்குதான். கீழே இருந்த வடிகால் துளைகளையும் பூச்சு அடைத்திருந்தது. "அண்ணே, இதற்கு அடிக்காமலே இருந்திருக்கலாம்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியும். எங்கள் கரையில் பெரும்பாலான இரவுகள் அப்படித்தான். அந்த உப்பையும் ஈரத்தையும் கழுவிக் காயவைக்காமல் மேலே ரப்பரை அடித்தால், துருவைப் பூட்டி வைத்ததாகத்தான் ஆகும். கல் பட்டு ஓரிடம் வெடித்தால் நீர் உள்ளே போகும், வெளியே வராது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பாக, அழகாக இருக்கும்.

என் அப்பாவுக்கு வள்ளம் இருந்தது. கரையேற்றி, நன்றாகக் காய்ந்த பிறகுதான் முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுவார். ஈரப் பலகையில் யாராவது கை வைத்தால் ஏச்சுதான். அவர் பிள்ளைக்கு அந்த லிஃப்டின் கீழே இது ஞாபகம் வரவில்லை.

கடையில் போய்க் கேட்டேன். "கியாரண்டி கோட்டிங்குக்குத்தான் சார், தகட்டுக்கு இல்லை." அட்டையின் பின்பக்கம் பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது: ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவர்களிடமே காசு கொடுத்துச் சோதிக்காவிட்டால் கியாரண்டியே கிடையாது. தகடு வெட்டி வெல்டிங் வைக்க எனக்கு 14,000 ரூபாய் ஆனது.

கெட்டியான ரப்பர் பூச்சு புது வண்டிக்குச் சரி, அடியில் துரு எதுவும் இல்லாதபோது. துரு தொட்ட வண்டிக்கு, இளகிய நிலையிலேயே இருக்கும் மெழுகு அல்லது எண்ணெய் வகைதான் ஏற்றது. இடுக்குகளுக்குள் ஊர்ந்து போகும். ஆண்டுதோறும் திரும்ப அடிக்க வேண்டும், முதல் வாரம் முற்றத்தில் சொட்டும், புழுதி ஒட்டும். எதை அடித்தாலும் பிரேக் டிஸ்க், சைலன்சர், ரப்பர் புஷ் இவற்றில் படக்கூடாது. வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸிஸின் உட்கூட்டுக்குள் நீளக் குழாய் விட்டு அடிக்கிறார்களா என்று கேளுங்கள். கழுவிய வண்டியை ஒரு நாளாவது காயப்போடாமல் அடிக்கிறேன் என்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். மழைக்காலத்தில் போகவே வேண்டாம்; மாசி வெயில் எதற்கு இருக்கிறது?

நான் இப்போது எண்ணெய்ப் பூச்சுக்கு மாறிவிட்டேன். முற்றத்துக் கறைக்காக வீட்டில் தினமும் திட்டு விழுகிறது. கதவடித் துளைகளை மாதம் ஒருமுறை தென்னை ஈர்க்கிலால் நானே குத்திப் பார்க்கிறேன்.